தீக்குச்சி, அழற்சி, உற்சாகம்: எனர்ஜி என்ற சொல்லின் மருத்துவ வரலாறு

1/
போலந்து மொழியிலிருந்து மூன்று சொற்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸபாவ்கா என்றால் தீக்குச்சி.
ஸாபாவ் என்றால் உற்சாகம்.
ஸபலெனியெ என்றால் அழற்சி. நிமோனியாவுக்கு அங்கே "நுரையீரல் ஸபலெனியெ" என்றுதான் பெயர்.

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். 'பாலிச்'. எரிப்பது என்று பொருள்.

காதில் 'வ' என்று விழுவது எழுத்தில் கோடு போட்ட ஒரு 'ல'. பல நூற்றாண்டுகளில் நாக்கு அதை 'வ' ஆக்கிவிட்டது. அதனால்தான் கேட்கும்போது மூன்றும் சொந்தக்காரர்கள் என்று தெரிவதில்லை.

2/
தீக்குச்சிக்கும் உற்சாகத்துக்கும் உறவு, சரி, புரிகிறது. உற்சாகத்துக்கும் வியாதிக்கும் ஒரே வேரா?

ஆமாங்க. ஆங்கிலத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். உற்சாகம், ஊக்கம், எனர்ஜி.. இந்தச் சொற்களின் வரலாற்றைத் தோண்டினால் பாதிக்குமேல் மருத்துவர்கள்தான் கிடைக்கிறார்கள்.

இது வெறும் சொல் ஆராய்ச்சி இல்லை. ஓபியில் தினமும் கேட்கும் வாக்கியம் "உடம்புல எனர்ஜியே இல்ல டாக்டர்". பக்கத்தில் நிற்கும் குடும்பத்தார் சொல்லும் வாக்கியம் "எல்லாம் சோம்பேறித்தனம் டாக்டர்". இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே 2000 வருடத்துக்கு மேலான வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாங்க.

3/
முதலில் 'என்தூசியாசம்'.

கிரேக்கத்தில் 'என்' என்றால் உள்ளே. 'தியோஸ்' என்றால் கடவுள். 'என்தியோஸ்' என்றால் கடவுள் உள்ளே இறங்கியவர். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் "சாமி வந்துருச்சு". அவ்ளோதான். இன்று வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் தங்களைப் பற்றி எழுதிக்கொள்ளும் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் சாமியாடுவது.

அதே கிரேக்கத்தில், கி.மு. 400 வாக்கில், ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் நூல் தொகுப்பில் வலிப்பு நோய் பற்றி ஒரு நூல் உண்டு. வலிப்பைத் தெய்வம் தந்த நோய் என்று ஊர் நம்பிய காலத்தில், மற்ற நோய்களைப் போல இதற்கும் இயற்கையான காரணம் உண்டு, அது மூளையில் இருக்கிறது என்று வாதிட்ட நூல். உள்ளே இருப்பது சாமியா, உடம்பா என்ற சண்டை அன்றே ஆரம்பித்துவிட்டது.

4/
17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'என்தூசியாஸ்ட்' என்பது பாராட்டு இல்லை, வசை. கடவுள் தன்னிடம் நேரடியாகப் பேசுகிறார் என்று கிளம்பியவர்களை அப்படி அழைத்தார்கள். மதச் சண்டையிலும் உள்நாட்டுப் போரிலும் நொந்துபோன நாடு அது. உற்சாகம் என்றாலே பயம்.

1656இல் ஹென்றி மோர் என்ற தத்துவவாதி இதை உடம்பின் கோளாறாகவே எழுதினார். உடம்பில் கரும்பித்தம் சூடாகி, அதன் ஆவி தலைக்கு ஏறுவதால் வரும் மயக்கமாம். ஜான் லாக் 1700இல் தன் பெரிய நூலின் 4ஆம் பதிப்பில் இதற்கென்றே ஒரு புது அத்தியாயம் சேர்த்தார். லாக்கும் மருத்துவம் படித்தவர்தான்.

5/
1706இல் பிரான்சிலிருந்து தப்பி வந்த சிலர் லண்டன் தெருக்களில் உடம்பு நடுங்க, தரையில் விழுந்து தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அரசு அவர்களில் சிலரைப் பொது இடத்தில் மரச்சட்டத்தில் பூட்டி நிறுத்தித் தண்டித்தது. 1708இல் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு ஒரு கடிதம் வெளியிட்டார். சாரம் இதுதான்: இவர்களை அடிக்காதீர்கள், அடித்தால் வளரும். சிரித்துவிட்டுப் போங்கள், தானாக அடங்கும்.

1741இல் டேவிட் ஹியூம் இன்னொரு கோணம் சொன்னார். மூடநம்பிக்கை மனிதனைப் பூசாரிக்கு அடிமையாக்கும். உற்சாக வெறி ஆரம்பத்தில் ஆபத்துதான், ஆனால் யாருக்கும் அடங்காத அந்தக் குணம் பிறகு சுதந்திரத்துக்குத் துணை நிற்கும் என்றார். வசைச்சொல் மெல்ல நிறம் மாற ஆரம்பித்தது.

6/
அந்தச் சொல் போலந்துக்குப் போனது. 'எந்துஸ்யாஸ்ம்'. ஆனால் போன இடத்தில் நிலைமை வேறு.

1795இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தை முழுசாகப் பங்கு போட்டுக்கொண்டன. 1918 வரை உலக வரைபடத்தில் சுதந்திரப் போலந்து என்று ஒரு நாடு இல்லை.

அந்தக் காலத்தில், 1840களில், ரஷ்யர் ஆண்ட வார்சாவில் சில பெண்கள் கூடினார்கள். பெண்களுக்குக் கல்வி வேண்டும், சொந்தக் காலில் நிற்க வேண்டும், நாட்டுக்கு விடுதலை வேண்டும் என்று பேசினார்கள். அவர்களின் மையமாக இருந்தவர் நார்ட்சிஸா ஜ்மிஹோஃப்ஸ்கா என்ற எழுத்தாளர். அந்தக் குழுவை வரலாறு அழைக்கும் பெயர் 'எந்துஸ்யாஸ்த்கி', அதாவது உற்சாகப் பெண்கள்.

இங்கிலாந்தில் வசவாக இருந்தது வார்சாவில் பெண்களின் அடையாளமானது. 1849இல் ஜ்மிஹோஃப்ஸ்காவைக் கைது செய்து லூப்ளினில் அடைத்தார்கள். உற்சாகத்துக்குச் சிறை!

7/
இப்போது நெருப்புக்குத் திரும்புவோம்.

ஆங்கிலத்தில் 'ஆர்டர்' என்று ஒரு சொல் உண்டு. கட்டளை இல்லைங்க, தீவிர ஆர்வம். லத்தீனில் எரிவது என்ற வினையிலிருந்து வந்தது. 'ஃபெர்வர்' என்ற இன்னொரு சொல் கொதிப்பதிலிருந்து வந்தது. 'இன்ஃப்ளமேஷன்' தீச்சுடரிலிருந்து.

போலந்து மொழியில் 'கொர்லீவொஷ்ச்' என்றால் கடமையில் தீவிரம். 'கொரோன்ச்கா' என்றால் காய்ச்சல். இரண்டுக்கும் வேர் சூடுதான்.

தமிழிலும் பாருங்கள். அழல் என்றால் நெருப்பு. அதிலிருந்துதான் அழற்சி. முதலாம் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் அழற்சிக்கு 4 அடையாளங்கள் எழுதி வைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. இன்றும் மருத்துவ மாணவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது இதைத்தான். உயிருள்ள உடம்பு சூடாக இருக்கும், செத்த உடம்பு சில்லிடும். மனிதன் கண்ட முதல் உடலியங்கியல் உண்மை அது. அதனால் உயிர்ப்பையும் ஆர்வத்தையும் நோயையும் எல்லா ஊரும் நெருப்பாகவே பார்த்தது.

8/
அடுத்தது மூச்சு.

ஆங்கிலத்தில் 'இன்ஸ்பிரேஷன்' என்றால் பொதுமக்களுக்கு உத்வேகம். எங்களுக்கு மூச்சை உள்ளிழுப்பது. நுரையீரல் பரிசோதனையில் "இன்ஸ்பிரேஷன் போதவில்லை" என்று எழுதினால் நோயாளிக்கு லட்சியம் இல்லை என்று பொருள் அல்ல!

போலந்து மொழியில் 'தூஹ்' என்றால் ஆன்மா, மன உறுதி. 'ஒத்தெஹ்' என்றால் மூச்சு. இரண்டும் ஒரே குடும்பம்.

கூடவே ஒரு சுவையான தகவல். வலிமைக்குப் போலந்து மொழியில் 'ஷிவா' என்பார்கள். நம்ம சிவனுக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தயவுசெய்து இதை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள் :)

9/
இனி கதாநாயகன். எனர்ஜி.

கிரேக்கத்தில் 'எர்கான்' என்றால் வேலை. 'எனெர்கேயா' என்றால் வேலையில் இருக்கும் நிலை. அரிஸ்டாட்டில் பயன்படுத்திய தத்துவச் சொல். பிறகு ஆங்கிலத்தில் நீண்ட காலம் அது பேச்சின் வீரியத்தையும் மனிதரின் துடிப்பையும்தான் குறித்தது. "அவர் எனர்ஜியோடு பேசினார்" என்பதுதான் மூத்த பொருள். பள்ளிக்கூட இயற்பியல் எனர்ஜி பின்னால் பிறந்த தம்பி.

அந்தத் தம்பிக்குப் பெயர் வைத்தவர் தாமஸ் யங். 1807இல் அச்சான தன் விரிவுரைகளில், ஓடும் பொருளின் இயக்கத்தை அளக்க 'எனர்ஜி' என்ற சொல்லை எடுத்தாண்டார். யங் தொழிலால் மருத்துவர். கண்ணில் வரும் அஸ்டிக்மாட்டிசம் என்ற பார்வைக் குறையை முதலில் விவரித்தவரும் அவர்தான்.

10/
இரண்டாவது மருத்துவர், ஜெர்மனியின் ஹைல்ப்ரோன் ஊர்க்காரர் யூலியஸ் ராபர்ட் மேயர். 1840இல் ஒரு டச்சுக் கப்பலில் மருத்துவராக ஜாவா தீவுக்குப் போனார். வயது 25.

சுரபாயாவில் மாலுமிகளுக்கு அந்தக் கால வழக்கப்படி ரத்தம் வெட்டி எடுத்தார். சிரையில் வரும் ரத்தம் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வந்ததோ பளிச்சென்ற சிவப்பு. தமனியை வெட்டிவிட்டோமோ என்று சந்தேகப்படும் அளவுக்குச் சிவப்பு.

அவர் யோசித்தார். வெயில் நாட்டில் உடம்பைச் சூடாக வைக்க அதிகம் எரிக்க வேண்டியதில்லை. அதனால் ஆக்சிஜன் மிச்சம். அப்படியானால் சாப்பாடு, உடம்புச் சூடு, உடம்பு செய்யும் வேலை மூன்றும் ஒரே கணக்குப் புத்தகத்தின் வரவு செலவு!

(வெப்பத்தில் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடுவதாலும் சிரை ரத்தம் சிவக்கும் என்று இன்று தெரியும். அவர் அங்கிருந்து தாவிய தாவல்தான் பெரிது.)

11/
1842இல் மேயர் கட்டுரை வெளியிட்டார். விசை அழியாது, உருமாறும். இதுதான் ஆற்றல் அழிவின்மை விதியின் தொடக்கங்களில் ஒன்று. மூன்றாவது மருத்துவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். பிரஷ்ய ராணுவ டாக்டர். 1847இல் அதையே கணிதமாக நிறுவினார். இருவரும் பயன்படுத்திய சொல் எனர்ஜி அல்ல, ஜெர்மன் மொழியில் விசை. 1850களில் பிரிட்டனில் ராங்கினும் வில்லியம் தாம்சனும்தான் எனர்ஜி என்ற பெயரை நிலைநிறுத்தினார்கள்.

12/
மேயருக்கு என்ன ஆச்சு?

யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு சாதாரண ஊர் டாக்டருக்கு இயற்பியல் என்ன தெரியும் என்றார்கள். இங்கிலாந்தின் ஜூல் முதலில் கண்டுபிடித்தாரா, இவரா என்று சண்டை. 1848இல் இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தார். 1850இல் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். பிழைத்தார். பிறகு மனநல விடுதிகளில் அடைபட்டார்.

யோசித்துப் பாருங்கள். உலகத்தில் ஆற்றல் ஒரு துளிகூடக் காணாமல் போகாது என்று சொன்ன மனிதர். அவருக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லாத நாட்கள் இருந்தன.

நல்ல வேளை, கதை அங்கே முடியவில்லை. 1862இல் ஜான் டிண்டல் லண்டனில் மேயரின் பெயரை உரக்கச் சொன்னார். 1871இல் ராயல் சொசைட்டி தன் உயரிய காப்லி பதக்கத்தை அவருக்கு வழங்கியது. 1878 வரை வாழ்ந்தார்.

மேயரைப் பார்த்து "உனக்கு எனர்ஜி இல்லை, முயற்சி பண்ணு" என்று யாராவது சொல்லியிருந்தால் அது எவ்வளவு அபத்தம்!

13/
மறுபடியும் ஜாவா. அரை நூற்றாண்டு கழித்து.

டச்சு மருத்துவர் எய்க்மன் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால் மரத்து, தளர்ந்து, நடக்க முடியாமல் போய், இதயம் வீங்கிச் சாகும் நோய். அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகளுக்கும் திடீரென்று கால் தளர்ந்தது. பிறகு தானாகச் சரியானது. ஏன் என்று விசாரித்தால் சமையல்காரர் மாறியிருக்கிறார்! பழையவர் ராணுவ மருத்துவமனையின் தீட்டிய வெள்ளைச் சோற்றைக் கோழிக்குப் போட்டார். புதியவர் ராணுவச் சோறு சிவிலியன் கோழிக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டார். தவிட்டோடு கூடிய அரிசி போட்டதும் கோழி எழுந்து நடந்தது.

14/
தவிட்டில் இருக்கும் அந்தப் பொருள் என்ன என்று தேடியவர் ஒரு போலந்துக்காரர். வார்சாவில் 1884இல் பிறந்த கஸிமியெஷ் ஃபுங்க். லண்டனில் வேலை பார்த்தார். உயிருக்குத் தேவையான அமீன் என்ற பொருளில், லத்தீனில் உயிரைக் குறிக்கும் 'வீட்டா'வோடு அமீனைச் சேர்த்து 1912இல் 'விட்டமைன்' என்று பெயர் வைத்தார். எல்லாமே அமீன் இல்லை என்று பிறகு தெரிந்ததும் 1920இல் ஒரு எழுத்தைக் குறைத்து வைட்டமின் ஆக்கினார்கள்.

எய்க்மன் தேடிய பொருள் இன்று தயமின், அதாவது பி1. அது இல்லாவிட்டால் நாம் சாப்பிடும் மாவுச்சத்திலிருந்து செல்லால் முழு ஆற்றலை எடுக்க முடியாது. வயிறு நிறையச் சோறு, உடம்பில் தெம்பில்லை. சோம்பேறித்தனமா அது?

நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டினாலும் நல்ல பங்கு மிஞ்சும். நம் பாட்டிகள் நெல்லை அவித்ததற்குப் பின்னால் இப்படி ஒரு நன்மை இருந்தது.

15/
எனர்ஜி என்ற சொல்லுக்கு இப்போது இரண்டு பொருள் ஆகிவிட்டது. ஒன்று விஞ்ஞானி அளக்கும் ஆற்றல். இன்னொன்று நாம் உணரும் தெம்பு. இரண்டும் ஒன்று இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஆற்றல் ஏராளம், குடித்தால் தெம்பு வராது. ஆனால் இந்த இரட்டைப் பொருள் வியாபாரிக்கு வசதியாகப் போனது.

16/
1898இல் வார்சாவின் மகள் மரியா ஸ்க்வொதோஃப்ஸ்கா கியூரியும் கணவர் பியேரும் இரண்டு தனிமங்களைக் கண்டுபிடித்தார்கள். முதலாவதுக்குப் பொலோனியம் என்று பெயர். வரைபடத்தில் இல்லாத தன் நாட்டின் பெயர்! இரண்டாவது ரேடியம். ஓயாமல் ஆற்றலைக் கக்கும் பொருள்.

ஓயாத ஆற்றலா? பாட்டிலில் அடைத்து விற்கலாமே! அமெரிக்காவில் 1920களில் 'ரேடிதார்' என்று ரேடியம் கலந்த தண்ணீர் டானிக்காக விற்றது. எபன் பையர்ஸ் என்ற பணக்காரத் தொழிலதிபர், கோல்ஃப் சாம்பியன், கையில் அடிபட்ட பிறகு 1927இல் குடிக்க ஆரம்பித்தார். முதலில் தெம்பாக உணர்ந்தாராம். ஆயிரம் பாட்டிலுக்கு மேல் குடித்தார். தாடை எலும்பு நொறுங்கியது. 1932இல், 51 வயதில் இறந்தார். 1934இல் மேரி கியூரியும் ரத்தம் ஊறாமல் போகும் நோயில் மறைந்தார். நீண்ட காலக் கதிர்வீச்சுதான் காரணம் என்று கருதப்படுகிறது.

17/
அடுத்து 'பெப்'. மிளகைக் குறிக்கும் 'பெப்பர்' என்ற சொல்லின் தலை மட்டும். மிளகு மாதிரி சுறுசுறு. 'ஸெஸ்ட்' என்ற இன்னொரு உற்சாகச் சொல்லும் சமையலறையிலிருந்து வந்ததுதான். பானத்தில் வாசனைக்குப் போடும் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்.

1930களில் ஆம்ஃபெட்டமின் மாத்திரைகள் வந்தபோது மக்கள் வைத்த பெயர் 'பெப் பில்ஸ்'. ஜெர்மனியில் அதன் கொடூரமான அண்ணன் மெத்ஆம்ஃபெட்டமின், 'பெர்விட்டின்' என்ற பெயரில் கடையில் கிடைத்தது. 1939 செப்டம்பரில் ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தபோது பல வீரர்கள் அதைப் போட்டிருந்தார்கள். 1940இல் பிரான்ஸ் மீதான படையெடுப்பை ஒட்டிய சில மாதங்களில் 3 கோடிக்கும் மேற்பட்ட மாத்திரைகள் படைகளுக்குப் போயின. தூக்கமில்லாமல் நாள் கணக்கில் ஓடினார்கள். பிறகு சரிந்தார்கள். அடிமையானார்கள். இதயம் நின்று இறந்தவர்களும் உண்டு. 1941இல் ஜெர்மன் அரசே கட்டுப்பாடு போட்டது.

மேயர் சொன்னது இங்கே மறுபடி நினைவுக்கு வரும். ஒன்றுமில்லாததிலிருந்து எதுவும் வராது. மாத்திரை எனர்ஜியைக் கொடுக்கவில்லை. நாளைக்கானதை இன்றே கந்துவட்டிக்கு வாங்கிக் கொடுத்தது.

18/
கடைசிச் சொல்லுக்கு வந்துட்டோம்.

1974இல் நியூயார்க்கில் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் ஒரு கட்டுரை எழுதினார். ஏழைகளுக்கான இலவச மருத்துவ மையங்களில் தன்னார்வமாக ராப்பகலாக வேலை பார்த்தவர்கள் சுமார் ஒரு வருடத்தில் வெறுமையாகி, எரிச்சலாகி, தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் போவதைப் பார்த்தார். அதற்கு அவர் பயன்படுத்திய சொல் 'பர்ன்அவுட்'.

அவர் கவனித்த முக்கியமான விஷயம்: இது சோம்பேறிகளுக்கு வருவதில்லை. அதிக ஈடுபாடு உள்ளவர்களுக்குத்தான் வருகிறது.

போலந்து மொழியில் இதற்கு என்ன சொல் தெரியுமா? 'விபலெனியெ'. அதே பாலிச். அதே நெருப்பு. பற்றிக்கொண்டால் ஸாபாவ். உடம்பில் மூண்டால் ஸபலெனியெ. எரிந்து தீர்ந்தால் விபலெனியெ. ஒரு வாழ்க்கையையே ஒரு வேர்ச்சொல்லில் எழுதிவிட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் பர்ன்அவுட்டை வியாதி என்று சொல்லவில்லை. வேலை தொடர்பான நிகழ்வு என்று வகைப்படுத்தியது. அதாவது எரிந்துபோன ஆளை மட்டும் பார்க்காதே, அடுப்பையும் பார் என்று அர்த்தம்.

19/
அங்கே இன்னொரு வழக்கும் உண்டு. ஆரம்பத்தில் ஆஹா ஓஹோ என்று கிளம்பி நாலு நாளில் அடங்குபவரின் ஆர்வத்தை "வைக்கோல் ஸாபாவ்" என்பார்கள். வைக்கோல் போர் குப்பென்று எரியும், உடனே சாம்பல். கேலிதான்.

ஆனால் ஒரு மருத்துவராக எனக்கு அதில் வேறு ஒன்றும் தெரிகிறது. வைக்கோல் அணைந்தால் அது நெருப்பின் ஒழுக்கக்கேடா? எரிபொருள் அவ்வளவுதான் இருந்தது.

20/
ஆகவே வீட்டில் யாராவது வாரக்கணக்கில் தெம்பில்லை என்றால், தயவுசெய்து முதல் தீர்ப்பாக "சோம்பேறி" என்று எழுதாதீர்கள். எரிபொருளைப் பாருங்கள்.

🔹 ரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57% பேருக்கு இது இருக்கிறது. "அம்மா எப்பவும் டயர்டா இருக்காங்க" என்பதன் விடை பல வீடுகளில் இதுதான்.
🔹 தைராய்டு, சர்க்கரை, பி12 குறைபாடு, சிறுநீரகம்.
🔹 எடை குறைவும் மாலைக் காய்ச்சலும் சேர்ந்தால் காசநோய்.
🔹 குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடை.
🔹 எதிலும் ஆசையில்லாமல், காலையில் எழுவதே மலையாக இருந்தால் மனச்சோர்வு. இது குணக்குறை இல்லை, சிகிச்சை உள்ள நோய். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் தாமதிக்காமல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். எந்நேரமும், கட்டணமில்லாமல் பேசலாம்.

21/
இதில் பெரும்பாலானவற்றைச் சாதாரண ரத்தப் பரிசோதனையிலும், பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்பதிலும் கண்டுபிடித்துவிடலாம். பரிசோதனை எதிலும் குறை இல்லை என்றால் அடுத்த கேள்வி: எத்தனை மணி நேரம் தூங்குகிறார், எவ்வளவு வேலை சுமக்கிறார், அந்தச் சுமையை யார் பகிர்ந்துகொள்ளலாம்? விளம்பரத்தில் வரும் பவுடரும் டப்பாவில் வரும் பானமும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் ஆகாது.

உற்சாகம் சாமி இறங்குவது என்றார்கள். பித்தம் ஏறுவது என்றார்கள். விசை என்றார்கள், வைட்டமின் என்றார்கள், மாத்திரை என்றார்கள். ஒவ்வொரு காலமும் ஒரு விடை சொன்னது. உதவிய விடைகள் எல்லாம் ஆளைத் திட்டாமல், காரணத்தைத் தேடிப் போனவர்கள் கொண்டுவந்தவை.

சமையல்காரர் மாறியதை விசாரித்த எய்க்மன் மாதிரி, நீங்களும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். கோழிக்கே அது தேவைப்பட்டது. வீட்டு மனுஷங்களுக்குத் தேவைப்படாதா?